ஆற்றுக்குப் பொறுப்பாளர்

பிப்ரவரி 11

அன்புள்ள சின்னு,

நான் நலமாக இருக்கிறேன். மாடிப்படியைக் கண்டால் முழங்கால் முனகுகிறது, அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? சைட்டில் கொடுத்திருக்கும் வீட்டுக்குத் தகரக் கூரை என்றாயே, வெயிலைத் தாங்க முடிகிறதா?

ஒரு செய்தி. மாப்பிள்ளை இதற்குள் சொல்லியிருப்பார். அவர் சுபாவத்துக்குச் சொல்லாமலும் இருந்திருப்பார். எங்கள் கம்பெனி டைரக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலை எதையும் தொடங்குமுன் வெளியிலிருந்து என்னென்ன ஆபத்து வரலாம் என்று உட்கார்ந்து யோசிப்பார். பிறகு ஒவ்வோர் ஆபத்துக்கும் ஓர் ஆளின் பெயரைப் போடுவார். பெயர் இல்லாத ஆபத்து அனாதை, அனாதையை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். அங்கே கட்டுகிற பாலத்துக்கும் அப்படியே. இரும்பு விலை ஏறினால் கொள்முதல் அதிகாரி பொறுப்பு. அரசாங்கம் மாறினால் வக்கீல். ஆறு பெருகினால் உன் கணவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை, பழகிவிட்டது. முதலில் ஆற்றைத் திட்டப் பிரிவின் பெயரில், அதாவது என் பெயரில், போடுவதாக இருந்தது. கரையில் இருப்பவர்தான் ஆற்றைப் பார்க்க முடியும் என்று சொன்னேன். டைரக்டர் உடனே ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு இது ஒரு படி ஏற்றம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை எழுதச் சொன்னால் தந்தி கொடுப்பது போல இரண்டு வரி எழுதுவார். உங்கள் சைட்டில் இருக்கும் ஒரே போன் ஆபீஸ் வராந்தாவில் இருக்கிறது, பேசினால் நாலு பேர் கேட்பார்கள். அதனால் நீ எழுது. ஜீப் வாராவாரம் வருகிறதே. அவர் சாப்பிடுகிறாரா, சரியாகத் தூங்குகிறாரா, விவரமாக எழுது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். சோற்றில் மணல், தலையணையில் மணல், இந்தக் காகிதத்தை உதறினால் உன் மேஜையிலும் கொஞ்சம் விழும். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. லிப்ட் இருக்கும்போது படியேறுவது யாருக்குக் காட்டவோ தெரியவில்லை.

அவர் உண்மையிலேயே சொல்லவில்லை. சைட்டே எனக்குச் சொன்னது. பம்ப் ஓட்டுகிற ஆள் ஒருவர், பக்கத்து வீடு, ஆறடிக்கு மேல் உயரம், எல்லாருக்கும் அவர் நெட்டைதான். காலையில் இவர் வாசலில் இறங்கினதும், "ஓனர் சார், உங்க ஆறு இன்னைக்கு என்ன மூடுல இருக்கு?" என்று கேட்கிறார். இவரும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "தூங்குது, எழுப்பாதீங்க" என்கிறார். நெட்டையின் மனைவி என்னிடம், "ஆத்தையே வளைச்சுப் போட்டுட்டீங்களே அக்கா, எங்களுக்கு ஒரு ஓரம் எழுதி வைக்கக் கூடாதா?" என்றாள். பொழுது இப்படிப் போகிறது.

நீ படத்தில்தான் பார்த்திருப்பாய், நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆற்றின் நட்டநடுவில் இரும்புத் தகடுகளை வட்டமாக இறக்கி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்துவிட்டார்கள். அந்த வட்டத்துக்குள் ஏணியில் இறங்கி ஆட்கள் தூணுக்கு அடித்தளம் கட்டுகிறார்கள். எல்லாரும் அதைக் கிணறு என்கிறார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, வெளியே சுற்றிலும் தண்ணீர். இறங்கினவன் தலைக்கு மேலே ஆறு ஓடுகிறது. நான் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். உடனே கரைக்குத் திரும்பிவிட்டேன்.

இவருக்கு உள்ளூரப் பெருமைதான். நீ சொல்லித்தான் கிடைத்தது என்று சொன்னேன். "உங்க அக்கா என்னை நம்பி ஒரு வேலை குடுத்திருக்காங்க" என்றார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கு. குறட்டைக்குக் கூரைத் தகரம் பதில் சொல்கிறது.

உன் தங்கை,
சின்னு


மார்ச் 20

அன்புள்ள சின்னு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். உன் கடிதத்திலிருந்து மணல் விழுந்தது.

மாப்பிள்ளை இந்த மாதம் ஆற்றுக்குச் சிவப்புக் குறி போட்டு அனுப்பியிருக்கிறார். பச்சை என்றால் கவலையில்லை, சிவப்பு என்றால் வேலையை நிறுத்த வேண்டிய அபாயம். மேலே இருக்கும் அணை வேறொரு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, அவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் மதகைத் திறக்கிறார்கள் என்று காரணம் எழுதியிருக்கிறார். காரணம் நியாயமானதுதான். ஆனால் மே மாதக் கடைசியில் கடன் கொடுக்கிற வங்கியின் ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் அடித்தளம் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மழைக்காலம் முழுதும் வேலை நிற்கும், கடனும் நிற்கும், பாலமே நின்றுபோகலாம். இந்த நிலையில் சிவப்பைப் பார்த்தால் டைரக்டருக்கு முகம் சுண்டிவிடுகிறது.

நீ அவரிடம் நயமாகச் சொல். சிவப்புப் போடுகிறவர் அதற்கு வழியையும் சொல்ல வேண்டும் என்பது இங்கே நடைமுறை.

அவருக்கு ஓய்வே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். இரத்த அழுத்தம் பார்த்தீர்களா? இரவில் எழுந்து உட்காருகிறாரா? உன் கண்ணுக்குப் பட்டதை, சின்ன விஷயமானாலும், எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இவரைப் பற்றி நீ கேட்டது நல்லதாயிற்று, எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

வழி சொல்லச் சொன்னாயே, அதைத் தேடி அணைக்கே போனார். இரண்டு பஸ் மாறி, பாதி வழி லாரியில். மதகு திறக்குமுன் ஒரு போன் போடுங்கள், அவ்வளவுதான் என்று கேட்கப் போனார். நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்தார்களாம். சாயங்காலம் ஓர் அதிகாரி வந்து, "உங்க பாலத்துக்காக நாங்க தண்ணி திறக்கல, உங்க பாலத்துக்காக நிறுத்தவும் முடியாது" என்று சொல்லி, மரியாதையாகத் தேநீரும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு சரியாகத் தூங்குவதில்லை. சைட் மருந்தகத்தில் அரை மாத்திரை கொடுக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால் வாளிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வாளிக்குள் நம்முடைய பெரிய டம்ளர், மிதக்காமல் இருக்க அதற்குள் ஒரு கல். தண்ணீர் டம்ளரைச் சுற்றி ஏறிக்கொண்டே வருகிறது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. விளிம்பைத் தாண்டினதும் ஒரே விழுங்கு, நிறைந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார். "என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி?" என்றேன்.

"தண்ணி மெதுவாத்தான் ஏறும், ஆளுங்களை மேல கூப்பிட நேரம் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏறுறது மெதுவாத்தான் ஏறுது. உள்ள விழுறது மெதுவா இல்ல பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியை அப்படியே செடிக்கு ஊற்றினேன். ஆனாலும் அக்கா, கிணற்றில் ஒரே ஓர் ஏணிதான் இருக்கிறது. இன்னொன்று வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அதை மட்டுமாவது நீ கொஞ்சம் தள்ளிவிடு.

சின்னு


ஏப்ரல் 25

அன்புள்ள சின்னு,

உன் கடிதம் விவரமாக இருந்தது, நன்றி. மாத்திரையின் பெயர் என்ன? எப்போதிலிருந்து சாப்பிடுகிறார்?

கூட்டத்தில் பேசினேன். ஆற்றைப் பொறுத்தவரை பொறுப்பாளர் அவரே தொடர்வார் என்று முடிவாயிற்று. ஏணிக்கான கோரிக்கை கொள்முதல் பிரிவில் இருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் சளி. வேறொன்றுமில்லை.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போயிற்றா? மாத்திரையின் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை, நீல நிறம், மார்ச் கடைசியிலிருந்து. டாக்டரிடம் கேட்கப் போகிறாயா? இங்கே இருப்பவர் பாதி மருந்தாளர், பாதி ஸ்டோர் கீப்பர், அதனால் நீ கேட்டுச் சொன்னால் நல்லது.

இந்தக் கடிதத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும்.

நேற்று டைரக்டர் வந்தார். கரையில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். மலைப்பக்கம் மழை ஆரம்பித்துவிட்டது, அணை நிரம்பிக்கொண்டு வருகிறது, ஆட்களை ஏற்றிவிட்டுக் கிணற்றைத் தண்ணீர் விட்டு மூடிவிடலாம், தை பிறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். டைரக்டர் இவர் தோளில் கையைப் போட்டார்.

"தண்ணி வந்தா என்ன பண்றதுன்னு பாக்கத்தானே சார் உங்க பேரைப் போட்டிருக்கு."

"என் பேரைப் படிச்சுட்டுத் தண்ணி திரும்பிப் போயிருமா சார்?"

நெட்டை முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். டைரக்டர் சிரிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்குங்க. ரொம்ப அலட்டிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். யார் சொல்லிக் கேள்விப்பட்டார் என்று இவருக்குப் புரியவில்லை. மருந்தகத்து ஆளாக இருக்கும் என்கிறார்.

கிணற்றை நிறுத்த இவருக்கு அதிகாரம் கிடையாது. தலைமை ஆபீஸ் சொல்ல வேண்டும். ஆபத்து மட்டும் இவருடையது, நிறுத்துகிற கை அங்கே இருக்கிறது. திட்டப் பிரிவிலிருந்து ஒரு வரி வந்தால் நிறுத்தலாம் என்கிறார். திட்டப் பிரிவு நீதானே? ஒரு வரி, அக்கா. அது முடியாவிட்டால் இவர் பெயரையாவது எடுத்துவிடு, நாங்கள் ஊரைப் பார்க்க வந்துவிடுகிறோம். இவர் உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார். எனக்கென்ன கூச்சம்?

பதிலை இந்த வார ஜீப்பிலேயே அனுப்பு.

சின்னு


ஜூன் 2

அக்காவுக்கு,

பதில் வரும் என்று இரண்டு ஜீப் பார்த்தேன். மூன்றாவது ஜீப்புக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது.

நல்ல வெயில். இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். ஆறு நிறம் மாறுவதைப் பார்த்து இவர்தான் முதலில் கத்தினார். கரையிலிருந்து கிணறுவரை போட்டிருந்த பலகைப் பாலத்தில் ஓடினார். நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். ஒருவர் பின் ஒருவராக ஏணியில் ஏறி வந்தார்கள். ஏணிக்குக் கீழே நின்று மற்றவர்களை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது நெட்டை. அவர் தலை வெளியே தெரியும், உயரமான ஆள் என்று அவர் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். விளிம்பைத் தாண்டினதும், வாளியில் நான் பார்த்தேனே, அதேதான்.

ஐந்து பேர் ஏறி வரவில்லை.

இவரை இரண்டு பேர் பிடித்து இழுத்து வந்தார்கள். இன்னும் சட்டையை மாற்றவில்லை.

மறுநாள் ஜீப் வந்தது. அதில் உன் கடிதம் இல்லை. ஏணி இருந்தது.

சின்னு


ஜூன் 19

அன்புள்ள சின்னு,

என்ன எழுதுவது என்று தெரியாததால் தாமதமாயிற்று. உங்கள் இருவருக்கும் உடம்பில் காயம் எதுவும் இல்லை என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன்.

வெளியார் நிர்வாகம் ஒன்று திறந்துவிட்ட தண்ணீருக்கு நாம் யாரும் காரணமில்லை. இதைத்தான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். ஆனாலும் விசாரணை என்று ஒன்று நடக்க வேண்டும், சடங்குபோல. மூன்று பேர் வருவார்கள், ஒரு டாக்டரும் கூட இருப்பார். மாப்பிள்ளை கேட்டதற்கு உண்மையைச் சொன்னால் போதும். கோபப்பட வேண்டாம் என்று சொல்.

உன் மே மாதக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

தூங்குகிறாரா?

அக்கா


ஜூலை 14

அக்கா,

விசாரணை முடிந்தது. என்னையும் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், மனைவி கூட இருக்கலாம் என்று.

அணையைப் பற்றிக் கேட்பார்கள், சிவப்புக் குறியைப் பற்றிக் கேட்பார்கள் என்று இவர் விடிய எழுந்து சவரம் செய்துகொண்டு போனார். டாக்டர்தான் முதலில் பேசினார். நல்ல மனிதர்போல, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குளியலறைல வாளி முன்னாடி உக்காந்து, தண்ணிய நிரப்பி நிரப்பிக் கொட்டிக்கிட்டு இருந்தீங்களாமே? எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

இவர் டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வாளியை ஏன் வைத்தேன் என்று விளக்க ஆரம்பித்தார், டம்ளர், கல், விளிம்பு என்று. விளக்க விளக்க அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. நீல மாத்திரை மார்ச் கடைசியிலிருந்து என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முடிவைக் கேட்டிருப்பாய். இவர் திரும்பத் திரும்பப் போட்ட சிவப்பெல்லாம் மனக் கலக்கத்தில் போட்டது, அதனால் தலைமை ஆபீஸ் அதைப் பொருட்படுத்தாததில் தவறில்லை. ஆனால் பொறுப்பாளர் என்ற முறையில் ஆட்களை ஏற்றாதது இவர் தவறு. புத்தி கலங்கினவன் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை, செத்தவர்களுக்கு மட்டும் அவன் பதில் சொல்ல வேண்டும். போலீஸுக்கும் இப்படியே எழுதிக் கொடுக்கிறார்களாம்.

இவர் வீட்டுக்கு வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அந்தக் குளியலறையில் மூன்று பேர்தான் இருந்தோம் அக்கா. அவர், நான், நீ.

சின்னு


ஆகஸ்ட் 3

அன்புள்ள சின்னு,

நான் நலம்.

உன் கேள்விக்குப் பதில்: கேட்டார்கள், சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஏப்ரலில் கேட்டபோது அது அவருக்கு விடுப்பு வாங்கித் தரும் என்று நினைத்தேன் என்றால் நம்ப மாட்டாய். நானும் நம்பச் சொல்லவில்லை.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். அவர் மார்ச் முதல் மனநலம் குன்றியிருந்தார் என்று நீ, மனைவி என்ற முறையில், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். போலீஸ் வழக்கு அவர்மேல் நிற்காது. மருத்துவ ஓய்வு என்று கௌரவமாக வெளியே வந்துவிடலாம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. எச்சரிக்கை என்று ஒன்று இருந்தது, யாரோ கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அலைய வேண்டிய அவசியம் அவர்களுக்கும் இராது.

பம்ப்காரரின் மனைவியோடு நீ வக்கீல் வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். துக்கத்தில் இருப்பவர்களோடு உட்காரலாம், தப்பில்லை. வக்கீல் வேண்டாம்.

இதை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. உன் அக்காவாக, நானாகவே எழுதுகிறேன். நமக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு நீ, உனக்கு நான். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த மாதத்துக்குள் வந்தால் நல்லது.

நீ சாப்பிடுகிறாயா? நீ தூங்குகிறாயா?

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நன்றாகச் சாப்பிடுகிறேன், படுத்ததும் தூங்கிவிடுகிறேன், மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். விசாரணைக்குப் பிறகு இவர் வாயைத் திறந்து முழுசாக ஒரு வாக்கியம் பேசினது அன்றைக்குத்தான். முதலில் சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது, டாக்டர் சொன்னது நிஜமாகிவிட்டதோ என்று.

"எங்க கம்பெனியில ஒரு ஆபத்து இருந்தா அதுக்கு ஒரு பேர் இருக்கும். செத்தவங்க குடும்பத்தோட நாம சேர்ந்து வழக்குப் போடுறது ஒரு ஆபத்து. இப்ப யாரு நம்ம உடம்பை இவ்வளவு அக்கறையா விசாரிக்கிறாங்க? அவங்க பேர்தான் அதுக்கு."

நான் அப்படி இருக்காது என்றேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படி இருக்காது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, "இந்த மாதத்துக்குள்" என்று எழுதியிருந்தாயே, அதை இன்னொரு முறை படித்தேன். தங்கையிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா?

ஆக, அந்த ஆபத்துப் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே இருப்பது நான். ஆற்றைக் கண்ணால் பார்க்கிறவர்தான் பொறுப்பு என்று நீயே சொன்னாய், என்னை உன்னைவிட நன்றாகப் பார்த்தவர் யார் இருக்கிறார்கள்? டைரக்டர் சரியான ஆளைத்தான் போட்டிருக்கிறார்.

காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. நெட்டையின் மனைவியும் மற்ற நாலு வீட்டாரும் நாங்களும் சேர்ந்து அடுத்த மாதம் முதல் வாரத்தில் வழக்குப் போடுகிறோம். டைரக்டர் பெயர் இருக்கிறது. ஏணியைத் தள்ளி வைத்தவர் பெயர் இருக்கிறது. வேலையை நிறுத்த ஒரு வரி எழுதியிருக்கக்கூடிய திட்டப் பிரிவின் பெயரும் இருக்கிறது. மேல் அணைக்காரர்கள் மாதிரி நான் சொல்லாமல் திறந்துவிடவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நீ போய் உன் கூட்டத்தில் சிவப்புப் போடு. அவர்கள் உன்னிடம் வழி கேட்பார்கள்.

இனி உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். அப்படி நிறுத்த வேண்டாம் என்று வக்கீல் சொல்கிறார். எப்போதும்போல அக்காவுக்கு எழுதிக்கொண்டிருங்கள், அவர்கள் எழுதுவதையும் வாங்கி வையுங்கள் என்கிறார்.

அதனால் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? இரவில் எழுந்து உட்காருகிறாயா? சரியாகத் தூங்குகிறாயா அக்கா? சின்ன விஷயமானாலும் விடாதே, விவரமாக எழுது.

அன்புடன்,
சின்னு